அளந்து பார்த்தவர் யார்?

நாமக்கல் நகரின் நடுவே நிமிர்ந்து நிற்கிறது மலை. மேலே கோட்டை, கீழே குடைவரைக் கோயில்கள். எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்தார் குடைவித்தவை என்பர் வரலாற்று அறிஞர். உள்ளே நுழைந்தால் ஒரு சிற்பத்தைக் காணலாம். மூன்றடி மண் கேட்டு வந்த குள்ளன் வாமனன், மறுகணமே காலைத் தூக்கி விண்ணை அளக்கிறான்! சிற்பியின் உளியைப் போற்றுகிறோம். கதையைப் பற்றியோ சொல்லவேண்டியதில்லை. கொடுத்தவன் மாவலி, கெடுத்தவன் கடவுள் என்ற கதையை நம் ஏட்டின் வாசகர்கள் அறியாதவர்களா!

நாம் கேட்க வந்தது வேறு. உலகை அளந்தவனுக்கு அந்த ஊரிலே சிற்பம் உண்டு, பூசை உண்டு, படையல் உண்டு. அதே ஊரிலே, அதே மலையின் நிழலிலே, கைப்பிடி அளவாய்ப் பிறந்து, இரண்டு வயதிலும் வளராமல், நான்கு வயதிலும் வளராமல், பள்ளிக்கூடத்து முதல் வரிசையிலேயே பத்து ஆண்டுகள் நிறுத்தப்படும் பிள்ளை இருக்கிறதே, அந்தப் பிள்ளையை அளந்து பார்த்தவர் யார்? அளந்ததை எழுதி வைத்தவர் யார்? எழுதி வைத்ததைப் பார்த்து, "இது ஏன்?" என்று கேட்டவர் யார்?

கதையிலே குள்ளன் ஒரு நொடியில் வளர்ந்தான். வாழ்க்கையிலே ஒரு செண்டிமீட்டர் வளர்வதற்குக் குழந்தை படும் பாடு கொஞ்சமல்ல.

சிறுத்துப் பிறந்த குழந்தை என்றால் என்ன? மாதம் நிறையாமல் பிறந்ததால் எடை குறைந்த குழந்தை வேறு. கருவிலே இருந்த வாரங்களுக்குத் தக்க எடையோ நீளமோ இல்லாமல் பிறந்த குழந்தை வேறு. மருத்துவர் இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். ஒரே வாரக் கணக்கில் பிறந்த நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால் கடைசிப் பத்துக்குள் வருவது ஓர் அளவு. கடைசி இரண்டு மூன்றுக்குள் வருவது இன்னும் கண்டிப்பான அளவு. முதல் அளவை வைத்து, ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் 2010ஆம் ஆண்டில் இப்படிப் பிறந்த குழந்தைகள் 3 கோடியே 24 இலட்சம் என்று 2013இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதிலே இந்தியாவின் பங்கு எவ்வளவு தெரியுமா? 1 கோடியே 28 இலட்சம்! பாரத நாடு பழம்பெரும் நாடு என்று பள்ளு பாடுவோர், இந்தப் பெருமையையும் பாட்டிலே சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பெற்றோரைக் கலங்கடிப்பது நம் நோக்கமல்ல. இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது, தாய்ப்பாலும் நல்லுணவும் நோயற்ற வீடும் வாய்த்தால், இரண்டு வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடும். குறைமாதத்திலும் பிறந்து சிறுத்தும் இருந்தால் இன்னும் சற்று நாளாகும். மீதி இருக்கிற அந்த ஒரு குழந்தை எட்டிப் பிடிப்பதில்லை. அந்தக் குழந்தையைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பேசுவதில்லை என்றா சொன்னோம்? தவறு. ஊரெல்லாம் பேசுகிறது! "பட்சி தோஷம் தட்டிவிட்டது" என்கிறாள் பாட்டி. தாயத்துக் கட்டு என்கிறார் பூசாரி. "எல்லாம் தலையெழுத்து" என்கிறார் எதிர்வீட்டுப் பெரியவர். "எங்கள் வகையிலே எல்லாரும் ஆறடி, இது அவள் பிறந்த வீட்டு வகை" என்கிறாள் மாமியார். இந்த நான்கு பேச்சிலும் நஞ்சு மிகுந்தது எது? கடைசிப் பேச்சுத்தான். தாயத்து பத்து ரூபாயோடு போயிற்று. மாமியாரின் பேச்சோ, பிள்ளை பெற்று இரத்தம் வற்றிக் கிடக்கும் ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இப்போது படித்தவர்கள் வீட்டிலே இந்தப் பேச்சுக்கு ஒரு புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். "அவர்கள் குடும்பத்து ஜீன் அப்படி" என்கிறார்கள். தலையெழுத்து என்ற கிழவிக்கு மரபணு என்று பெயர் மாற்றிப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள்!

நல்லது, மரபணு என்ன சொல்லுகிறது என்று அதனிடமே கேட்போம்.

1953இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி சில்வரும், 1954இல் இலண்டனில் அலெக்சாண்டர் ரஸ்ஸலும் ஒரு வகைக் குழந்தைகளை விவரித்தனர். கருவிலேயே சிறுத்து, பிறந்த பிறகும் வளராமல், உடம்புக்குத் தலை பெரிதாய், நெற்றி முன் தள்ளி, முகம் முக்கோணமாய், சில குழந்தைகளுக்கு உடலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சிறிதாய், பால் குடிக்கவே அடம் பிடிக்கும் குழந்தைகள். இருவர் பெயராலும் அந்த நோய்க்கூட்டு இன்று சில்வர்-ரஸ்ஸல் எனப்படுகிறது. காரணம் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. வெளிப்பட்டபோது அது மாமியாருக்கு மட்டுமல்ல, மருத்துவர்களுக்கே வியப்பாக இருந்தது.

நமக்கு ஒவ்வொரு மரபணுவிலும் தந்தை வழிப் பிரதி ஒன்று, தாய் வழிப் பிரதி ஒன்று என இரண்டு உண்டு. பெரும்பாலானவற்றில் இரண்டும் வேலை செய்யும. சிலவற்றில் மட்டும், யாரிடமிருந்து வந்தது என்பதற்கு ஒரு முத்திரை விழுந்திருக்கும். அந்த முத்திரையைப் பார்த்துத்தான் எந்தப் பிரதி பேசவேண்டும், எது வாய்மூடவேண்டும் என்பது முடிவாகும். கருவை வளர்க்கும் காரணி ஒன்று 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதிலே பேசவேண்டியது தந்தை தந்த பிரதி. சில்வர்-ரஸ்ஸல் குழந்தைகளில் கணிசமானோருக்குத் தந்தைவழிப் பிரதியில் இருக்கவேண்டிய முத்திரை தளர்ந்து போய்விடுகிறது, பேசவேண்டியது வாய்மூடுகிறது, கரு சிறுக்கிறது. வேறு சிலருக்கு 7ஆம் குரோமோசோம் இரண்டும் தாயிடமிருந்தே வந்துவிடுகின்றன. எழுத்துகள் சரி, கூட்டுவதிலே பிழை. இவை பெரும்பாலும் கருவுறும் வேளையையொட்டி அந்தக் குழந்தைக்கு மட்டும் புதிதாக நேர்பவை. பாட்டன் வகையுமல்ல, பூட்டன் வகையுமல்ல. பெண் வீட்டார் வகையுமல்ல, மாப்பிள்ளை வீட்டார் வகையுமல்ல. "உங்கள் வகை" என்று விரல் நீட்டியவர்கள் விரலை மடக்கிக்கொள்ளட்டும்!

பரம்பரையாக வருபவை இல்லையா? உண்டு. மறைக்கமாட்டோம். அதைச் சொல்லும்போது நம் வாசகர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது: தமிழ்நாட்டுத் திருமணங்களில் நூற்றுக்குச் சுமார் 28 இரத்த உறவுக்குள் நடந்தவை. பக்கத்திலே கேரளத்தில் அது ஐந்தைக்கூட எட்டவில்லை. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகளைக் கட்டும் தாய்மாமன்! சொத்து வெளியே போகக்கூடாது, உறவு விட்டுப்போகக் கூடாது, சாதிக்குள் சாதி, வகையறாவுக்குள் வகையறா. ஒவ்வொரு மனிதனிடமும் பழுதுபட்ட மரபணுக்கள் சில இருக்கின்றன. மறு பிரதி நன்றாயிருப்பதால் அவை தலைகாட்டுவதில்லை. ஒரே பாட்டனின் பழுதான பிரதி தந்தை வழியும் தாய் வழியும் சுற்றி வந்து ஒரே குழந்தையிடம் சேர்ந்துவிட்டால்? அப்போதுதான் வினை. ஒரு மரபணுவில் அப்படி ஒரே மூதாதைப் பிரதி இரண்டும் கூடும் வாய்ப்பு, அத்தை மாமன் மக்கள் மணந்தால் பதினாறில் ஒன்று; தாய்மாமன் மணந்தால் எட்டில் ஒன்று. கருவிலேயே சிறுத்துத் தலையும் சிறுத்துப் பிறக்கும் செக்கல் நோய்க்கூட்டும், வளர்ச்சி ஹார்மோன் உடம்பிலே நிறைய இருந்தும் அதை ஏற்கும் வாயில் அடைபட்டு உயரம் நின்றுபோகும் லாரோன் நோயும் இந்த வழியில் வருபவை. உறவில் மணந்த எல்லார்க்கும் இப்படி ஆகும் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலோர் பிள்ளைகள் நலமாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு பிள்ளை இப்படிப் பிறந்த வீட்டிலே, அடுத்த தலைமுறைக்கும் அதே தாய்மாமனைத் தேடுகிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

சுயமரியாதைத் திருமணத்தை 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்டமாக்கியது. புரோகிதர் போனார், மாலை மாறிற்று, மேடையிலே சாதி ஒழிப்புப் பேசினோம். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து அக்காள் மகளுக்கே மோதிரம் போட்டோமானால், அந்த மேடைக்கு என்ன மதிப்பு? சாதி கடந்து மணந்தால் சமூகம் மட்டுமல்ல, வருகிற குழந்தையின் உடம்பும் பயன்பெறும். இதை நம் கூட்டங்களில் சொல்லவேண்டும். கூச்சப்படாமல் சொல்லவேண்டும்.

இனி அடுத்த செய்தி. மரபணு என்பது ஒரு பகுதிதான். சிறுத்துப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பலருக்குக் காரணம் தாயின் தட்டிலும், தாயின் தோளிலும், தாயின் இரத்தத்திலும் இருக்கிறது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி இரவும் பகலும் ஓடுகிறது. நிறைமாதக்காரி நின்றபடி நூல் இழுக்கிறாள். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் கொலுசுக்குப் பொடி வைக்கிறவள் யார்? ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு சுமப்பவள் யார்? கோழிப்பண்ணையில் தீவனம் அள்ளுகிறவள் யார்? அந்த ஆய்வே சொல்கிறது: தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்குச் சுமார் 48 பேருக்கு இரத்தச்சோகை. ஏறக்குறையப் பாதிப்பேர்! இரத்தம் குன்றியவள் வயிற்றிலே கரு எப்படிக் கொழிக்கும்?

முட்டையைப் பாருங்கள். நாமக்கல் முட்டை நாடெங்கும் போகிறது. கடல் கடந்தும் போகிறது. பள்ளிப் பிள்ளைக்குச் சோறு என்று 1920இல் நீதிக்கட்சியார் சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியிலே தொடங்கிய நற்பணி, காமராசர் காலத்தில் விரிந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று; 1989இல் கலைஞர் ஆட்சியில் அந்தச் சோற்றின்மேல் முட்டை வந்தது; 2010இல் வாரத்துக்கு ஐந்து என்றாயிற்று. எந்தக் கட்சி செய்தாலும் நல்லது நல்லதே. அதைச் சொல்ல நாம் தயங்கியதில்லை. ஆயினும் அந்த முட்டை பிள்ளையின் தட்டுக்கு வரும்போது பிள்ளைக்கு வயது என்ன? உயரத்தின் அடித்தளம் அதற்கு முன்பே, கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் போடப்பட்டுவிடுகிறதே! கோழிப்பண்ணையில் வேலை செய்யும் கர்ப்பிணி, நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையை அட்டையில் அடுக்குகிறாள். அன்று அவள் தின்றது எத்தனை என்று கேளுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவி, 2006இல் 6,000 ரூபாயாயிற்று, 2011இல் 12,000, 2018இல் 18,000. தில்லியின் கைங்கரியம் என்ன? 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். 2017இல் திட்டம் வந்தபோது அது 5,000 ஆகச் சுருங்கிற்று. அதுவும் முதல் பிள்ளைக்கு மட்டும்! பிறகு இரண்டாவது பிள்ளை பெண்ணாயிருந்தால் மட்டும் உண்டு என்று சற்றே இறங்கி வந்தார்கள். சட்டம் நிறைமாதத்தில் பிறந்தது. திட்டம் சிறுத்துப் பிறந்தது!

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. பிள்ளை சிறுத்துவிட்டதே என்று பதறி, நெய்யும் சர்க்கரையும் திணித்து உருட்டிவிடும் தாய்மார் இருக்கிறார்கள். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வு புகழ்பெற்றது. அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடை குறைவுதான்; ஆனால் அந்தச் சின்ன உடம்பிலும் தசைதான் குறைந்திருந்தது, கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை! இப்படிப்பட்ட குழந்தை விரைவாகப் பருத்தால் பின்னாளில் நீரிழிவும் இதயநோயும் கதவைத் தட்டும். வேண்டியது கொழுப்பு அல்ல, உயரம், தசை. அதை அறிய எடைத்தட்டு மட்டும் போதாது. உயரம் அளக்கும் பலகையும் வேண்டும். தட்டிலே ஏறும் எடையைக் கண்டு மகிழ்ந்து, நீளத்தை அளக்காமல் விட்டால் குழந்தை நம்மை ஏமாற்றிவிடும்.

எட்டிப் பிடிக்காத அந்தப் பத்தில் ஒன்றுக்கு என்ன வழி? வழி உண்டு. அதன் பெயர் வளர்ச்சி ஹார்மோன்.

மூளையின் அடியிலே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி அதைச் சுரக்கிறது. மனித ஹார்மோனை 1956இல் பிரித்தெடுத்தவர் சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் உழைத்த சோ ஹாவ் லீ. அதைக் கொண்டு பிள்ளையை வளரவைத்த செய்தியை 1958இல் வெளியிட்டார் மாரிஸ் ரேபன். எங்கிருந்து எடுத்தார்கள்? இறந்தவர்களின் சுரப்பிகளிலிருந்து! கால் நூற்றாண்டு அப்படியே ஓடிற்று. 1985இல் இடி விழுந்தது. அந்த மருந்தை முன்பு போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர், மூளையைப் பஞ்சாக்கும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயால் மாண்டனர். மருந்தோடு நோயும் ஏறியிருந்தது. அமெரிக்கா நிறுத்திற்று, பிறரும் நிறுத்தினர். அதே ஆண்டிலேயே மனித மரபணுவைக் கிருமிக்குள் புகுத்தி, கிருமியைக் கொண்டே ஹார்மோன் வடிக்கும் முறைக்கு அங்கே ஒப்புதல் கிடைத்தது. இன்று போடப்படுவது அதுதான். பிணத்தைத் தொடவேண்டியதில்லை.

சிறுத்துப் பிறந்து எட்டிப் பிடிக்காத குழந்தைகளுக்கு இதைத் தரலாம் என்று அமெரிக்கா 2001இலும் ஐரோப்பா 2003இலும் ஒப்புக்கொண்டன. ஐரோப்பாவில் நான்கு வயது நிரம்பவேண்டும். வியப்பு என்னவென்றால், இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஹார்மோன் பற்றாக்குறையே இல்லை. இருந்தும் கூடுதலாகக் கொடுத்தால் வளர்கிறார்கள். இரவுதோறும் தோலுக்கடியில் ஓர் ஊசி. பெண்ணுக்கும் பையனுக்கும் எலும்பு முதிர்ந்து வளர்ச்சி நிற்கும் வரை ஆண்டுக்கணக்கில். பலன்? பெரியவர்களாகும்போது சராசரியாக ஆறு முதல் எட்டு செண்டிமீட்டர் கூடுதல். வாமனன் திரிவிக்கிரமன் ஆவதில்லை! ஆனால் பேருந்தின் படியிலே ஏறவும், கரும்பலகையில் எழுதவும், "சீருடைப் பணிக்கு உயரம் போதாது" என்று திருப்பி அனுப்பப்படாமல் இருக்கவும் அந்த நான்கு விரற்கடை போதுமானதாக அமைவது உண்டு.

எல்லார்க்கும் இது பொருந்துமா? பொருந்தாது. அதனால்தான் ஊசிக்கு முன்னே மரபணுச் சோதனை வேண்டும் என்கிறோம். லாரோன் நோய்க்கு இந்த ஊசி வீண். வாயில் அடைபட்டவனுக்கு வாசலிலே விருந்து வைத்து என்ன பயன்? அவர்களுக்கு வேறு மருந்து உண்டு. புளூம் நோய்க்கூட்டுக் குழந்தையும் சிறுத்தே பிறக்கும். அதற்குப் புற்றுநோய் வாய்ப்பு மிகுதி. அங்கே வளர்ச்சி ஹார்மோன் தீங்கு. சர்க்கரை ஏறுகிறதா, தலைவலி வருகிறதா, முதுகு வளைகிறதா, இடுப்பு வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். முதலாண்டிலே பலன் இல்லையென்றால் நிறுத்திவிடவேண்டும். 2012இல் பிரான்சிலிருந்து ஓர் அச்சமூட்டும் ஆய்வு வந்தது: சிறுவயதில் இம்மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலோ என்று. பல ஐரோப்பிய நாடுகளைச் சேர்த்து 2020இல் வெளிவந்த விரிந்த ஆய்வு, ஹார்மோன் பற்றாக்குறை மட்டுமே உள்ளவர்களைப் பொறுத்தவரை அந்த அச்சத்தைப் பெரிதும் தணித்தது; சிறுத்துப் பிறந்தவர்களிடையே இறப்பு சற்றுக் கூடுதல் என்றே கண்டது, ஆனால் அது பெரும்பாலும் பிரெஞ்சுக் குழுவினரால் வந்த கூடுதல். பகுத்தறிவு என்பது இதுதான்: அஞ்சவேண்டிய இடத்தில் அளந்து அஞ்சுவது.

இன்னொரு பக்கம் பாருங்கள், "உயரம் வளர" என்று டப்பா டப்பாவாக மாவு விற்கிறார்கள்! தொலைக்காட்சியிலே ஒரு பையன் அதைக் குடித்துக் கூடைப்பந்து போடுகிறான். நல்ல ஊட்டம் குழந்தைக்கு வேண்டும், யார் மறுத்தார்? ஆனால் சில்வர்-ரஸ்ஸல் குழந்தையை டப்பா மாவு வளர்க்காது. தாயத்துக்காரன் நெற்றியிலே விபூதி பூசினான். மாவுக்காரன் டப்பாவிலே வண்ணம் பூசுகிறான்.

சரி, மருந்து இருக்கிறது. யாருக்கு இருக்கிறது? இங்கேதான் வயிறு எரிகிறது.

மருந்தளவு எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.035 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய அளவு. பிள்ளை வளர வளர மருந்தும் வளரும், செலவும் வளரும். பலன் தரத் தரப் பெற்றோருக்குச் சுமை கூடும் விந்தையான வைத்தியம் இது! மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் தொடங்கி, ஆண்டுகளைக் கூட்டினால் இலட்சங்களில் முடியும். குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும். ஓலைச் சாளையிலும் ஒற்றை அறையிலும் குடியிருக்கும் தறித் தொழிலாளி குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவான்? பள்ளிபாளையத்திலே கடனை அடைக்கத் தறித் தொழிலாளர்கள் தங்கள் சிறுநீரகத்தையே விற்ற செய்தி 2025இல் வெளிவந்து நாட்டை உலுக்கியது. சிறுநீரகத்தை விற்றுக் கடன் கட்டுகிற ஊரிலே, பிள்ளையின் உயரத்துக்கு விற்க இனி என்ன உறுப்பு மிச்சம்?

2021இல் தில்லி அரசு அரிய நோய்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வகுத்தது. வரவேற்றோம். அதிலே வளர்ச்சி ஹார்மோனும் இடம்பெற்றது: ஹார்மோன் பற்றாக்குறை உறுதியானவர்க்கு, பிராடர்-வில்லி, டர்னர், நூனன் நோய்க்கூட்டினர்க்கு என்று. சிறுத்துப் பிறந்து எட்டிப் பிடிக்காத குழந்தை அந்தப் பட்டியலிலே இல்லை. "பற்றாக்குறை இல்லையே, உனக்கெதற்கு?" என்பது வாதமானால், டர்னர் பெண்ணுக்கும் பெரும்பாலும் பற்றாக்குறை இல்லையே, அவளைச் சேர்த்தீர்களே! அந்த நியாயம் இந்தக் குழந்தைக்கு ஏன் இல்லை? இன்னொன்று கேளுங்கள். அந்தக் கொள்கைக்காக முதலில் எட்டுச் சிறப்பு மையங்களை அறிவித்தார்கள். தில்லி உண்டு, இலக்னோ உண்டு, சண்டிகர் உண்டு, மும்பை உண்டு, கொல்கத்தா உண்டு, ஐதராபாத் உண்டு, பெங்களூரு உண்டு. மருத்துவத்துக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் தேடிவரும் தமிழ்நாடு? இல்லை! பிறகுதான் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை சேர்க்கப்பட்டது. திருச்செங்கோட்டுக் குழந்தை எழும்பூருக்குப் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கூலி போகவேண்டும். தாயும் தந்தையும் சேர்ந்து போனால் நான்கு நாள் கூலி.

டர்னர் என்றோமே, அதிலும் ஒரு சொல். 1938இல் ஹென்றி டர்னர் விவரித்தது. பெண்ணுக்கு இருக்கவேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத நிலை. ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு வரும். சற்றுச் சிறுத்துப் பிறப்பாள், குட்டையாக வளர்வாள். சிறுவயதிலே கண்டால் ஊசி நல்ல பலன் தரும். நம் ஊரில் எப்போது காண்கிறார்கள்? பதினைந்து வயதாகியும் பெண் பூப்பெய்தவில்லையே என்று ஊர் வாயைத் திறந்த பிறகு! அதற்குமுன் அவளை அளக்கவில்லை. மகன் குட்டையாயிருந்தால் கவலை. மகள் குட்டையாயிருந்தால் "பெண்தானே". 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் எந்த மாவட்டத்தில் தொடங்கப்பட்டது? சேலத்தில். பெண்ணைப் பெற்றுப் பிழைக்கவிடாத காலத்திலிருந்து பிழைக்கவிட்டோம். பிழைத்தவளை அளக்கவும் கற்கவேண்டும்.

"குட்டையாயிருப்பது ஒரு நோயா? ஆறு செண்டிமீட்டருக்கு அரசுப் பணமா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கத்தகுந்த கேள்விதான். குட்டையாயிருப்பது குறையே அன்று. அண்ணாவின் உருவம் சிறிது. அவர் எழுந்து நின்றால் தில்லி மேலவை நிமிர்ந்து உட்கார்ந்தது. எந்தப் பிள்ளையையும் உயரத்தை வைத்து எள்ளுவதை நாம் ஒப்பவில்லை. "குள்ளா" என்று அழைக்கும் ஆசிரியர் முதலில் தம் நாவை அளந்துகொள்ளட்டும். குட்டையான பெற்றோருக்குப் பிறந்து நலமாக வளரும் பிள்ளைக்கு ஊசி போடச் சொல்லவில்லை. நலமான பிள்ளைக்குக் கூடுதல் உயரம் வாங்கித் தரத் துடிக்கும் பணக்கார வீட்டு ஆசைக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. நாம் பேசுவது, கருவிலேயே தடைபட்டு, அந்தத் தடை எதனால் என்றே யாரும் பார்க்காமல் விடப்பட்ட பிள்ளையைப் பற்றி. அந்தத் தடையின் பின்னே இரத்தச்சர்க்கரை திடீரெனத் தாழ்வதும், உணவு ஏற்காமையும், சிறுநீரகக் கோளாறும்கூட ஒளிந்திருக்கக்கூடும். குட்டை என்பது கண்ணுக்குத் தெரியும் கொடிதான். வேர் எங்கே என்று தோண்டினால்தானே தெரியும்! பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தோண்டல் உண்டு, ஊசி உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தலையெழுத்து மட்டும் உண்டு. இதைத்தான் ஏற்கமாட்டோம் என்கிறோம்.

ஆகவே கேட்கிறோம். அங்கன்வாடியிலே குழந்தையை எடை போடுகிறார்கள்; நீளத்தையும் தவறாமல் அளந்து எழுதட்டும், பிறந்த எடையும் வாரமும் அதே அட்டையிலே இருக்கட்டும். சிறுத்துப் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயதில் ஒரு கட்டாய அளவு, நான்கில் மற்றொன்று. எட்டிப் பிடிக்காத குழந்தை, தாயின் கையில் ஒரு சீட்டோடு நேரே மருத்துவக் கல்லூரிக்குப் போகட்டும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரால் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022இல் வந்துவிட்டது. அங்கே இக்குழந்தைகளுக்கென்று நாள் குறிக்கட்டும். இரத்தம் சென்னைக்குப் போகட்டும், குழந்தை போகவேண்டாம். மரபணுச் சோதனையும், தகுதியுள்ளவர்க்கு ஊசியும் அரசு செலவில் தரப்படட்டும். மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை இறங்கும் என்பதைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே காட்டியிருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நீரிழிவுக்காரர் வீட்டுக்கு மாத்திரை நடந்து போயிற்று. அதே கால்கள் குளிர்ப்பையைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கும் போகலாம். தில்லிப் பட்டியலிலே ஒரு வரி சேர்க்கவேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது நம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வேலை.

சட்டமன்றத்திலே உறுப்பினர்கள் எழுப்பவேண்டிய கேள்வி ஒன்றையும் எழுதித் தருகிறோம், அப்படியே படிக்கலாம்: சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சென்ற ஐந்தாண்டுகளில் கருவின் வாரத்துக்குச் சிறுத்துப் பிறந்த குழந்தைகள் எத்தனை பேர்? இரண்டு வயதில் அவர்களில் எத்தனை பேரின் நீளம் அளக்கப்பட்டது? எட்டிப் பிடிக்காதவர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர்?